ஷூவைக் குறை சொல்லும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்
மலைப்பாதையில் நடக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மலைநடை நண்பர்களுக்கு,

மலையிலிருந்து இறங்கி அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்ததும் நம் கூட்டத்தில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. "ஏழாயிரம் குடுத்து வாங்கினது. ஒரு வருஷம்கூட ஆகலை, அதுக்குள்ள அடி தேஞ்சு போச்சு" என்பார் ஒருவர். அதே கம்பெனியின் அதே ரகத்தை அதே சமயத்தில் வாங்கிய இன்னொருவர், "என்னோடது நல்லாத்தானே இருக்கு" என்பார். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், சரக்கு போலி என்ற முடிவோடு பேச்சு அடங்கிவிடும். இரண்டு பேருடைய ஷூவையும் கவிழ்த்து அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒன்றில் குதிகாலின் பின்விளிம்பு மட்டும் சரிவாகத் தேய்ந்திருக்கும். முன்பாதத்து ரப்பர்ப் பற்கள் புதிதாகவே இருக்கும். மற்றொன்றில் தேய்மானம் அடி முழுக்கப் பரவியிருக்கும். பாதையும் ரப்பரும் இருவருக்கும் ஒன்றுதான். கால் வைக்கும் விதம்தான் வேறு.

ஒரு ஷூ எங்கே தேயும், எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதில் நம் நடைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தத் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டால் காசு மிச்சமாகும், முழங்கால் தப்பும், ஈரப் பாறையில் உயிரும் தப்பும். இதைச் சொல்லத்தான் இந்த மடல். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. அதுவரை மலைப்பக்கமே போகாத பலருக்கு அது வழி திறந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எந்த ஷூ வாங்கலாம் என்று கேட்கிறார்கள். நாமும் ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம். எப்படி நடப்பது என்று அவர்களும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

முதலில் பாதம் தரையைத் தொடும் விதத்தைப் பார்ப்போம். சமதரையில் நடக்கும்போது ஒரு காலின் சுழற்சியில் சுமார் 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில் இருக்கும். மீதி 40 சதவீதம் காற்றில். தரையை முதலில் தொடுவது குதிகால். அதுவும் குதிகாலின் நட்டநடுவே தொடுவதில்லை. வெளிப்பக்கம், பின் ஓரம். அங்கிருந்து பாதம் மெல்ல உட்பக்கம் சாய்ந்து முழுவதுமாகத் தரையில் படியும். எடை பாதத்தின் வெளி ஓரத்தை ஒட்டி முன்னே நகர்ந்து, முன்பாதத்தின் குறுக்கே உள்ளே திரும்பி, கடைசியில் பெருவிரலின் அடிப்பகுதி வழியாகத் தரையை உந்தித் தள்ளிவிட்டு எழும்.

ஆகவே நல்ல நடை உள்ளவருடைய ஷூவிலும் இரண்டு இடங்கள் கூடுதலாகத் தேயும். ஒன்று, குதிகாலின் வெளிப் பின்னோரம். மற்றொன்று, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் பின்னே இருக்கும் முன்பாத மேடு. குதிகாலின் வெளியோரம் கொஞ்சம் தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கால் வெளிப்பக்கம் சாயுது போல" என்று பயந்துபோய்ப் புது இன்சோல் வாங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தத் தேய்மானம் இயல்பு. அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து, ரப்பர் ஏன் தேய்கிறது? நம்மில் பலர் எடையைத்தான் காரணம் சொல்வோம். எடைக்கும் பங்கு உண்டு. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் ஏறக்குறைய 1.2 மடங்கு விசை தரையில் இறங்குகிறது. முதுகுப்பை சேர்ந்தால் அதுவும் கூடும். சமதரையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,400 அடிகள் என்று வைத்துக்கொண்டால் 20 கிலோமீட்டர் நடக்கும் நாளில் ஒவ்வொரு ஷூவும் 14,000 முறை தரையில் பதிகிறது. ஆனால் அழுத்தம் மட்டும் ரப்பரைத் தின்றுவிடாது. அழிரப்பரைக் காகிதத்தின் மேல் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் அது குறையாது. இழுத்துத் தேய்த்தால்தான் குறையும். தேய்மானம் சுமைக்கும் சறுக்கிய தூரத்துக்கும் ஏற்பக் கூடும், பொருளின் கடினத்துக்கு ஏற்பக் குறையும் என்பது 1953 இல் ஆர்ச்சர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் வகுத்த விதி. ரப்பரின் தேய்மானம் இதைவிடச் சிக்கலானது என்றாலும் அடிப்படை இதுதான். அடி தரையைத் தொடும்போதும் தரையை விட்டு எழும்போதும் நடக்கும் சிறுசிறு சறுக்கல்களும் திருகல்களுமே ஷூவைத் தின்கின்றன. நூறு கிலோ எடையுள்ளவர் அமைதியாகக் கால் பதித்து நடந்தால் அவருடைய ஷூ, இழுத்துக்கொண்டே நடக்கும் அறுபது கிலோக்காரரின் ஷூவைவிட அதிக நாள் உழைக்க முடியும்.

நம் பக்கத்து மலைகளின் கல்லையும் இங்கே சொல்ல வேண்டும். நீலகிரியின் உடம்பு பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. சென்னைப் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் அதே கல். அதில் இருக்கும் குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரணக் கத்தியின் இரும்பைவிடக் கடினம். அந்தக் கல் பொடிந்து கிடக்கும் சரளையில் காலை இழுத்தால் எந்தக் கம்பெனியின் ரப்பரும் தாங்காது. இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. ஈரப் பாறையை நன்றாகப் பற்றும் ரப்பர் மென்மையானதாக இருக்கும். மென்மையானது சீக்கிரம் தேயும். நெடுநாள் உழைக்கும் கடின ரப்பர் ஈரத்தில் கைவிடும். சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று நாம் திட்டும் ஷூ ஒருவேளை நம்மை விழாமல் காத்த ஷூவாக இருக்கலாம்.

சரி, இப்போது உங்கள் ஷூவைக் கழுவிக் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள். என்னென்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

குதிகாலின் உட்பக்கமும் முன்பாதத்தின் உட்பக்கமும் சேர்ந்து தேய்ந்திருந்தால், அடி பதிந்த பின் பாதம் அளவுக்கு மேல் உட்பக்கம் சாய்கிறது. தட்டைப்பாதம் உள்ளவர்களிடம் இது அதிகம். இரண்டு ஷூவையும் மேசையில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். நிமிர்ந்து நிற்காமல் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும்.

குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை வெளி ஓரம் முழுக்க ஒரே கோடாகத் தேய்ந்திருந்தால், பாதம் உள்ளே சாய வேண்டிய அளவு சாயவில்லை. உள்வளைவு உயரமாக இருப்பவர்களிடம் இதைப் பார்க்கலாம். இவர்களுக்குக் கணுக்கால் வெளிப்பக்கமாகப் புரளும் வாய்ப்பு அதிகம்; கல் உருளும் பாதைகளில் கவனம் வேண்டும்.

முன்பாத மேட்டில் வட்டமாக, சுழித்தாற்போலத் தேய்ந்திருந்தால் நீங்கள் ஊன்றிய காலின் மேலேயே உடம்பைத் திருப்புகிறீர்கள். வளைவுகளிலும் படிக்கட்டுத் திருப்பங்களிலும் காலை எடுத்து வைத்துத் திரும்புவதற்குப் பதிலாக ஊன்றியபடியே திருகுவது பலருக்கும் உள்ள பழக்கம். ரப்பரோடு சேர்ந்து முழங்காலும் அந்தத் திருகலை வாங்குகிறது.

ஷூவின் நுனி மட்டும் உரசி வெளுத்திருந்தால், காலைத் தூக்கிப் போடும்போது நுனி தரையில் இழுபடுகிறது. இரண்டு காலிலும் இருந்தால் பெரும்பாலும் அது களைப்பின் அடையாளம். நாளின் கடைசி மணி நேரத்தில் கால் இழுபட்டதன் தடம். ஒரு காலில் மட்டும், அதுவும் புதிதாக வந்திருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். பாதத்தை மேலே தூக்கும் தசைக்குப் போகும் நரம்பு, முதுகுத்தண்டிலோ முழங்காலின் வெளிப்பக்கத்திலோ அழுத்தப்பட்டால் இப்படி நடக்கும். மருத்துவரைப் பார்க்கும்போது அந்த ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இடது, வலது இரண்டும் வெவ்வேறு விதமாகத் தேய்வதையும் கவனிக்க வேண்டும். சிறு வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கும். நம் இரண்டு கால்களும் அச்சில் வார்த்தவை இல்லை. ஆனால் ஒன்று பாதியாகவும் மற்றது புதிதாகவும் இருந்தால் கால் நீள வித்தியாசம், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு, சரியாக ஆறாத பழைய சுளுக்கு என ஏதோ ஒன்று இருக்கலாம். முதுகுப்பையை எப்போதும் ஒரே தோளில் தொங்கவிடும் பழக்கத்தையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அடிப்பாகத்தோடு நிறுத்திவிட வேண்டாம். உள்ளே குதிகாலைப் பிடிக்கும் துணி கிழிந்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. லேஸ் தளர்வு அல்லது அளவு பெரிது. முன்பாதத்தின் வெளிப்பக்கம் தையல் விட்டிருந்தால் பாதம் அகலம், ஷூ குறுகல். கணுக்காலின் உட்பக்கம் உரசல் கோடுகள் இருந்தால் இரண்டு கால்களையும் மிக நெருக்கி வைத்து நடக்கிறீர்கள். இன்சோலை வெளியே எடுத்தால் எந்த விரலுக்குக் கீழே கருத்துக் குழிந்திருக்கிறது என்று தெரியும். எடை அங்கேதான் இறங்குகிறது.

இவ்வளவும் படித்தபின் உங்களில் சிலர் நேராகக் கடைக்குப் போய், உள்சாய்வைத் திருத்தும் ஷூ கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். பெரிய கடைகளில் ஓடுபொறியில் நடக்கவிட்டு, கேமராவில் படம் எடுத்து, உங்களுக்கு இந்த ரகம்தான் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இதில் நிதானம் வேண்டும். அமெரிக்கத் தரைப்படையிலும் விமானப்படையிலும் மரைன் படையிலும் புதிதாகச் சேர்ந்த வீரர்களை வைத்து நடந்த ஆய்வுகள் 2009, 2010 ஆண்டுகளில் வெளிவந்தன. ஒரு பிரிவினருக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஓட்ட ஷூ கொடுத்தார்கள்; இன்னொரு பிரிவினருக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே ரகம் கொடுத்தார்கள். காயங்களில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர் பென்னோ நிக்கும் அவர் குழுவினரும் 2015 இல், போட்டுப் பார்க்கும்போது காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வழி என்று எழுதினார்கள். இவை ஓட்ட ஷூக்களைப் பற்றியவை. மலை ஷூவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேமராப் படத்தை நம்பி இரண்டு மடங்கு விலை கொடுக்கும் முன் யோசிக்க இவை போதும்.

தட்டைப்பாதத்தைப் பெரிய குறையாக நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கர்நாடகக் கரையோரத்து மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992 இல் வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு திரியும் குழந்தைகளில் 2.8 சதவீதம் பேருக்கு மட்டுமே. முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம்தான் அது அதிகம், திறந்த செருப்புப் போட்டவர்களிடம் குறைவு. பாதத்தின் சிறு தசைகளுக்கு வேலை கொடுப்பது நல்லது என்று நினைக்க இது இடம் தருகிறது. வீட்டில் வெறுங்காலோடு இருங்கள். வெறும் தரையில் ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். விரல்களால் துண்டைக் கவ்வி இழுங்கள். நடையை மாற்றும் வேலை ஷூவுக்குள் இருக்கும் காலில்தான் தொடங்க வேண்டும்.

பாதத்தின் அமைப்பைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், மலையில் ஷூவை அதிகம் பாழாக்குவது அமைப்பு அல்ல என்பது என் துணிபு. இறக்கத்தில் நாம் கால் வைக்கும் முறைதான் முதல் எதிரி.

ஏறும்போது மூச்சு வாங்குவதால் தானாகவே அடி சுருங்குகிறது; ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கிறோம். இறங்கும்போது மூச்சு வாங்காது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் வேறு. காலை நீட்டிப் போட்டு, முழங்காலை விறைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலைக் குத்திக் குத்தி இறங்குகிறோம். பின்னால் சாய்ந்தால் விழமாட்டோம் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. எடை குதிகாலின் பின் ஓரத்து மெல்லிய விளிம்பில் மட்டும் இறங்குகிறது. சரிவு அந்த விளிம்பை முன்னோக்கி இழுக்கிறது. ஒவ்வோர் அடியிலும் கால் சற்றே சறுக்கித்தான் நிற்கிறது. அந்தச் சறுக்கல்தான் ரப்பரைச் சீவுகிறது. ஏறும்போது தேய்வதைவிட இப்படி இறங்கும்போதுதான் அதிகம் தேய்கிறது.

இறங்கும்போது அடியைப் பாதியாகச் சுருக்குங்கள். முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள். இடுப்பு பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். மூக்கு பெருவிரலுக்கு நேராக வந்தாலும் பரவாயில்லை. குதிகாலை மட்டும் குத்தாமல் முடிந்தவரை அடி முழுவதையும் தரையில் படியவிடுங்கள். அப்போது எல்லாப் பற்களும் தரையைப் பற்றும், தேய்மானமும் எல்லாவற்றுக்கும் பகிர்ந்து போகும். சரிவு அதிகமானால் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள். ஆனால் போட்ட பாதையை விட்டு விலகிக் குறுக்குவழி போடாதீர்கள். மழையில் அந்த வழியாகத்தான் மண் அறுத்துக்கொண்டு போகும். இறங்கத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். கட்டாவிட்டால் பாதம் ஷூவுக்குள் முன்னே சறுக்கி, பெருவிரல் நகம் கருத்துப்போகும்.

ஏறும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே. கற்படியில் நுனிவிரலை மட்டும் வைத்து எம்பாதீர்கள். அடி முழுவதும் படியில் பதியட்டும், குதிகாலுக்கும் இடம் இருக்கட்டும். முன்பாதத்துப் பற்களும் கெண்டைக்காலும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

கையில் தடி இருந்தால் சுமையில் ஒரு பங்கு கைக்குப் போகிறது. இறக்கத்தில் முழங்காலுக்கு வரும் விசை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெள்ளியங்கிரி ஏறும் பக்தர்கள் பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டுதான் ஏழு மலையும் ஏறுகிறார்கள். பலர் வெறுங்கால். அவர்களை ஒருமுறை பின்னால் நின்று கவனியுங்கள். வெறுங்காலோடு நடக்கிறவர் காலை இழுக்க மாட்டார், குத்த மாட்டார், திருக மாட்டார். இழுத்தால் தோல் உரியும் என்பது காலுக்கே தெரியும். ஷூ போட்டதும் அந்த அக்கறை நம்மை விட்டுப் போய்விடுகிறது.

இந்த இடத்தில் ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் பிராண்ட் 1914 இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் பாதங்களில் ஏன் ஆறாத புண்கள் வருகின்றன என்று தேடினார். சதை தானாக அழுகிவிடுகிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் கண்டது வேறு. உணர்ச்சியுள்ள பாதம் நெடுந்தூரம் நடக்கும்போது ஓர் இடம் நோகத் தொடங்கியதும் சுமையைச் சற்றே வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறது. நமக்கே தெரியாமல் நடை மாறுகிறது. உணர்ச்சியற்ற பாதம் மாற்றிக்கொள்வதில்லை. முதல் அடியும் ஆயிரமாவது அடியும் ஒரே இடத்தில் விழுகின்றன. பெரிய அடி ஒன்றும் படாமலே, சாதாரண அழுத்தம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்து சதையைக் கெடுக்கிறது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் நடந்த இந்த வேலையின் பயனாக வந்ததுதான் மெத்தென்ற நுண்ணறை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. இன்று சர்க்கரை நோயாளிகளும் அதை அணிகிறார்கள்.

வலி தெரிவது நம் பாதுகாப்பு என்பதை மலைநடைக்காரர்கள் மறக்கக் கூடாது. ஓர் இடம் சுடத் தொடங்கினால் "அடுத்த வளைவில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாமல் நின்று ஷூவைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் குழுவில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால், அவருக்குப் பாத உணர்வு குறைந்திருந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷூவின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கிடக்கும் ஒரு சிறு கல் அவருடைய காலையே பறித்துவிடக்கூடும்.

தேய்ந்த ஷூவை எப்போது விடுவது? நல்ல மலை ஷூ 800 முதல் 1,600 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மேலே சொன்ன காரணங்களால் இது ஆளுக்கு ஆள் மாறும்; கிலோமீட்டரை விடக் கண்ணை நம்புங்கள். தொழிற்கூட ஷூக்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் எளிய அளவுகோல் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பற்கள் முழுவதுமாக மழுங்கி வழவழப்பான பகுதி, பென்சில் பேட்டரியின் அடிவட்டத்தைவிடப் பெரிதாகிவிட்டால் ஷூவை மாற்றுங்கள் என்கிறார்கள். வழவழப்பான இடத்துக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் ஓடி வெளியேற வழியில்லாமல் படலமாக நின்றுவிடும், கால் வழுக்கும். மலை ஷூவின் பற்கள் பெரியவை என்றாலும் காரணம் அங்கும் அதுவே.

அடிப்பாகத்தின் பற்கள் உயிர்காக்கும் என்பது துயரத்தில் கற்ற பாடம். 1935 இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஆறு மலையேறிகள் இறந்தார்கள். அந்தக் குளிருக்கும் பாறைக்கும் அவர்களுடைய காலணிகள் போதவில்லை. அவர்களின் தோழர் விட்டாலே பிரமானி, ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கி 1937 இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் சுருக்கம்தான் இன்று நம் ஷூக்களில் பொறித்திருக்கும் விப்ரம். 1954 இல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியர்களின் காலிலும் அதுவே இருந்தது. அவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்த பற்களை மழுங்கவிட்டுவிட்டு அதே ஷூவோடு மழைக்காலத்தில் மலையேறுவது நியாயம் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் உண்டு. பற்களுக்கு மேலே இருக்கும் மெத்தென்ற அடுக்கு, மிட்சோல், பல ஷூக்களில் ஈ.வி.ஏ. நுரையால் ஆனது. திரும்பத் திரும்ப நசுங்கி அதன் காற்றறைகள் எழும்பாமல் போய்விடும். பக்கவாட்டில் சுருக்கங்கள் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் இறுகிக் கிடக்கும். உட்பக்கம் சாயும் நடை உள்ளவருக்கு உட்பக்க நுரைதான் முதலில் நசுங்கும். அதன் பிறகு ஷூவே சரிவான தரையாகிவிடுகிறது. சமதரையிலும் அவர் சாய்ந்துதான் நடக்க முடியும். நடை ஷூவைக் கோணலாக்கியது போய், ஷூ நடையைக் கோணலாக்கும் கட்டம் இது. பற்கள் மீதி இருந்தாலும் அந்த ஷூவை மலைக்கு எடுக்காதீர்கள்.

வேறு சில ஷூக்களின் மிட்சோல் பாலியூரித்தேன். நன்றாக உழைக்கும். ஆனால் காற்றின் ஈரத்தில் அது மெல்லமெல்லச் சிதையும். நடக்காமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் சிதையும். சென்னை, கடலூர், நாகை போன்ற ஈரக்காற்று ஊர்களில் சில ஆண்டுகள் அலமாரியில் பத்திரமாக வைத்த விலையுயர்ந்த ஷூ, மலையேறிய முதல் மணி நேரத்திலேயே பொடிப்பொடியாக உதிர்ந்து அடிப்பாகம் தனியாகக் கழன்று விழுவது இதனால்தான். நெடுநாள் சும்மா இருந்த ஷூவைப் பயணத்துக்கு முன் வீட்டருகே சில நாள் போட்டு நடந்து சோதியுங்கள். நனைந்தால் நெருப்பருகே காயவைக்காதீர்கள், பசை இளகிவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். மலை ஷூவை ஆபீஸுக்கும் கடைவீதிக்கும் போடாதீர்கள்; தார்ச்சாலை பற்களைத் தின்றுவிடும்.

ஷூ தேய்கிறதென்று உடனே தூக்கி எறியவும் வேண்டாம். மிட்சோல் நன்றாக இருந்து குதிகால் ஓரம் மட்டும் தேயத் தொடங்கியிருந்தால், தெருமுனையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் சீக்கிரமே கொண்டு போங்கள். ஓரத்தில் ரப்பர்த் துண்டு வைத்து ஒட்டித் தைத்துக் கொடுப்பார். இரண்டு ஷூவிலும் உயரம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். ஊர்க்காரர்கள் யார் யார் எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார்கள் என்பது அவருக்கு ஷூவைப் பார்த்தே தெரியும். கூலியில் பேரம் பேசாதீர்கள். அவருடைய வேலை உங்களுக்கு ஆயிரக்கணக்கில் மிச்சப்படுத்துகிறது.

குழுக்களை நடத்துகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு முந்தைய நாள் தண்ணீர், டார்ச், மருந்து எல்லாம் சரிபார்க்கிறீர்கள். அதோடு ஒவ்வொருவருடைய ஷூவையும் கவிழ்த்துப் பாருங்கள். மழுங்கிய ஷூவோடு வருகிறவரை அன்போடு தடுத்து நிறுத்துங்கள். மலையில் ஒருவர் கணுக்கால் புரண்டால் அன்றைக்கு மொத்தக் குழுவும் அவரைச் சுமக்க வேண்டும். இறக்கம் தொடங்கும் இடத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, எப்படி இறங்குவது என்று புதியவர்களுக்கு நடந்து காட்டுங்கள். கூட்டத்தில் மிக மெதுவாக இறங்குகிறவரை முன்னால் விடுங்கள். அவசரம் தானாக அடங்கும்.

மற்ற எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். இந்த வாரமே ஷூவைக் கவிழ்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். நான்கு மாதம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம் எடுங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறதோ அங்கே கால் எதைச் செய்கிறது என்று அடுத்த பயணத்தில் கவனியுங்கள். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் திருத்த முயலாதீர்கள். நடை பல வருடப் பழக்கம், வலுவில் மாற்றினால் வேறு இடத்தில் வலிக்கும். இறக்கத்தில் அடியைச் சுருக்குவது ஒன்றை மட்டும் முதலில் பழகுங்கள். அதைச் செய்தாலே ஷூ நீண்ட நாள் உழைக்கும். நீங்களும் நீண்ட நாள் மலையேறுவீர்கள்.

அன்புடன்,
உங்களோடு மலையேறும் நண்பன்